சாமி அரிவாளுக்கு என்ன தீர்வை

ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கியதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். திரும்ப மாட்டிக்கொண்டால் முன்பு இருந்தபடியேதான் இருந்தது. வேட்டி நுனியால் இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, மங்கலாக இருந்தது கண்ணாடி இல்லை, ஊர்.

சுற்றிலும் மலை இருக்கிறது என்றார்கள். நான் பார்க்கவில்லை. ஸ்டேஷனைத் தாண்டினால் கடைத்தெரு என்றார்கள். அதுவும் கிட்டே போகப் போகத்தான் ஒவ்வொரு கடையாக முளைத்தது. நான் புறப்பட்ட அன்று திருச்சியில் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. இங்கே ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு, அதற்கும் மேல் மனைவி வற்புறுத்திக் கொடுத்த கம்பளிச் சால்வை எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டும் பல் தந்தி அடித்தது. அந்தச் சால்வையை அவள் பெட்டியில் வைத்தபோது கேலி செய்திருந்தேன். ஹட்டன் ஸ்டேஷன் வாசலில் நின்று கேலியை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

நான் மலை பார்க்க வந்தவன் இல்லை. இரும்பு விஷயமாக வந்தவன். எங்கள் ஆலை திருச்சிக்கு வெளியே இருக்கிறது. எஃகைப் பட்டையாகவும் கம்பியாகவும் இழுத்து விற்கிறோம். அந்தப் பட்டைகளில் ஒரு வகை சிலோனுக்கு வருகிறது. தேயிலைச் செடியைச் சில வருஷங்களுக்கு ஒரு தடவை கட்டையாக வெட்டி விடுவார்கள். விடாவிட்டால் அது பாட்டுக்கு மரமாகிப் போய்விடும். அந்த வெட்டுக்குக் கவ்வாத்து என்று பெயர். கவ்வாத்துக் கத்தி எங்கள் பட்டையிலிருந்து பிறக்கிறது.

இதில் தீர்வை எங்கே வருகிறது என்றால், சிலோன் அரசாங்கம் வெளியிலிருந்து வரும் இரும்புச் சாமான்களுக்குத் தீர்வையைக் கன்னாபின்னாவென்று ஏற்றிவிட்டது. செய்து முடித்த கத்தியாக அனுப்பினால் கத்தியின் விலையும் தீர்வையும் ஒன்றோடொன்று போட்டி போடும். ஆனால் ஒரு சந்து விட்டிருந்தார்கள். வெறும் பட்டையாக வந்து, இந்த நாட்டு ஆசாரி கையால் விவசாயக் கருவியாகி, வயலுக்கோ தோட்டத்துக்கோ வேலைக்குப் போகும் இரும்பு என்றால் தீர்வை பெயருக்குத்தான். ஒரு நிபந்தனை. அதில் ஒரு பட்டை வேறு எதற்காவது போனது தெரிந்தாலும் வந்த சரக்கு மொத்தத்துக்கும் முழுத் தீர்வை விழும். வரவழைத்த வியாபாரியின் லைசென்ஸும் போகும்.

இதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. சீமை இரும்புக்கு நம் ஊரில் வேலி போட்டதால்தான் எங்கள் ஆலையே தலையெடுத்தது. வேலிக்கு உள்ளே இருக்கும்போது அது நியாயமாகத் தெரிந்தது. வெளியே நிற்கும்போதுதான் முள் குத்துகிறது.

எங்கள் பட்டையை வரவழைத்தவர் ஹட்டனில் இரும்புக்கடை வைத்திருந்த ஹமீது முதலாளி. கொழும்பிலிருந்து சுங்க அதிகாரி ஒருவர் மலைக்கு வந்து, இரும்பு சொன்ன வேலைக்குத்தான் போயிருக்கிறதா என்று நேரில் பார்க்கப் போகிறாராம். ஆலையிலிருந்து ஒரு ஆள் வந்து பக்கத்தில் நின்றால் தைரியமாக இருக்கும் என்று முதலாளி கேட்டிருந்தார். மானேஜர் எங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். இங்கிலீஷ் பேசத் தெரிந்து, வீட்டில் பிரசவம் எதுவும் இல்லாத ஆசாமி நான் ஒருவன்தான்.

ஹமீது முதலாளிக்கு ஐம்பது வயது இருக்கும். தகப்பனார் நம் கீழைக்கடற்கரையிலிருந்து வந்தவர், இவர் பிறந்தது இங்கேயே. நான் ஊர்ப் பழக்கத்தில் 'பாய்' என்று கூப்பிட்டுவிட்டேன். கடைப் பையன்கள் சிரித்தார்கள். இங்கே முதலாளி, அல்லது அண்ணன் என்ற அர்த்தத்தில் 'நானா', இரண்டில் ஒன்றுதான். மண்வெட்டி, அரிக்கேன் விளக்கு, வாளி, சங்கிலி என்று கூரையிலிருந்து எல்லாம் தொங்க, நடுவில் உட்கார்ந்து அவர் இரண்டு பாஷையில் மாறி மாறி வியாபாரம் செய்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வருகிறவர் வாசல்படி ஏறுவதற்குள் எந்தப் பாஷை என்று முடிவு செய்துவிடுவார்.

அன்று காலை அவர் வீட்டில் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் போட்டார்கள். சம்பலில் மாசி என்ற காய்ந்த மீன் தூள் சேர்த்திருந்தது. முதல் வாயில் இதென்ன மரத்தூள் என்று நினைத்தேன். மூன்றாவது தட்டில் அப்படி நினைத்ததற்கு வருத்தப்பட்டேன்.

முதலாளி சரியாகச் சாப்பிடவில்லை. லைசென்ஸ் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். கூரையைக் காட்டினார். இந்தத் தொங்குகிற சாமான் எல்லாம் விற்றுத் தீரும் அன்றைக்குக் கடையின் பலகையைப் போட்டு மூடவேண்டியதுதான், புதிதாக லைசென்ஸ் வாங்குவது இந்தக் காலத்தில் நடக்காது என்றார். அதைச் சொன்ன கையோடு ஒரு சிங்களக் கிழவிக்கு வாளி விற்றார்.

மறுநாள் லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போனோம். பட்டைகளில் பாதிக்கு மேல் அந்தத் தோட்டத்துக்குத்தான் போயிருந்தன. தோட்டத்து ஆசாரி அவற்றைக் கத்தியாக அடித்து முடித்துவிட்டார். முதலாளியின் பழைய கார் என்னைவிட வயதில் மூத்தது. பாதி வழியில் பனி இறங்கி, காரின் மூக்கே எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. முதலாளி காரை நிறுத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் வெள்ளை வேட்டி கட்டியிருந்தேன், கார் விளக்கில் அதுவாவது பளிச்சென்று தெரியும்.

ஆகவே நான் முன்னால் நடந்தேன், கார் பின்னால் ஊர்ந்து வந்தது. பாதைக்கு ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. கொஞ்ச தூரம் போனதும் கால் தரையில் படுகிற மாதிரியே இல்லை. தூக்கத்தில் நடக்கிறோமோ, கண் விழித்தால் திருச்சி தில்லைநகர் வீட்டு மொட்டை மாடியில் இருப்போமோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அப்போது தலைக்கு மேலே வெள்ளைக்குள்ளிருந்து பெண் குரல்கள் கேட்டன.

"யாருடி அது, பேயா?"

"பேய்க்கு ஏதுடி மூக்குக் கண்ணாடி."

ஒரு கூட்டமே சிரித்தது. ஆள் ஒருத்தரும் தெரியவில்லை. கொழுந்து பறிக்கிற பெண்கள் மேலே எங்கோ இருந்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பெரிதில்லை, அந்தப் பேச்சுதான் உடம்பைச் சிலிர்க்க வைத்தது. முசிறிச் சந்தையில் கேட்கிற பேச்சு அது. கடல் தாண்டி, மலை ஏறி, மேகத்துக்குள் வந்து நிற்கிறேன். மேகம் எங்கள் ஜில்லாத் தமிழ் பேசுகிறது.

தோட்டத்தில் எங்களை வரவேற்றவர் வீரமலை. கவ்வாத்து வெட்டுகிற ஆண்களுக்கெல்லாம் அவர்தான் கங்காணி. நாற்பது வயது, இறுகின உடம்பு, தலையில் எப்போதும் ஒரு துண்டு. பேசும்போது யோசித்துப் பேசுவார், பேசி முடித்ததும் சிரிப்பார். அவருடைய லயத்துக்கு அழைத்துப் போனார். வரிசையாக ஒட்டிக் கட்டின ஒற்றை அறை வீடுகளுக்குத்தான் இங்கே லயம் என்று பெயர். அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார வைத்து, சுடச்சுட ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். உலகத்துக்கே தேயிலை அனுப்புகிற மலையில் அவர்கள் குடிப்பது சலித்துக் கழித்த தூள். நான் காப்பிக்காரன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் குளிரில் அது அமிர்தமாக இருந்தது.

வீரமலையின் தகப்பனார் துறையூர்ப் பக்கம் ஏதோ கிராமத்திலிருந்து வந்தவர். என் மாமனார் வீடு துறையூர் என்றதும் வீரமலை நிமிர்ந்து உட்கார்ந்து அங்கே ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்தார். இருக்கிறது என்றேன். சந்தோஷப்பட்டார். அந்த ஏரியை அவர் பார்த்ததே இல்லை. இந்த மலையில் பிறந்து இந்த மலையிலேயே வளர்ந்தவர். ஆனால் சிலோன் சுதந்திரம் அடைந்த கையோடு வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தில் அவருக்கும் அவரைப் போன்ற லட்சக்கணக்கானவர்களுக்கும் இடம் இல்லாமல் போய்விட்டது. இங்கேயும் பிரஜை இல்லை, அங்கேயும் இல்லை. அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ரொட்டிக்குச் சம்பல் போதுமா என்று கேட்கிற மாதிரி அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டு போனார். நான்தான் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டேன்.

பிறகு மலைக்கு ஏறினோம். மறுநாளுக்கு மறுநாள் அந்த மலையில்தான் கவ்வாத்து ஆரம்பம். கத்தி வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அதிகாரி அந்த நாளையே கேட்டு வாங்கியிருந்தார். தேயிலை வரிசை தொடங்குகிற இடத்தில் ஒரு கல் நட்டு, மஞ்சள் பூசி, பூ வைத்திருந்தது. அதுதான் கவ்வாத்துசாமி. எந்தப் புராணத்திலும் இல்லாத சாமி. தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்க ரோதமுனி, கவ்வாத்துக் கத்தியைக் காக்க இவர் என்று இந்த ஜனங்கள் தங்கள் வேலைக்குத் தகுந்த சாமிகளைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்தது. நம் ஆலையில் ரோலிங் மிஷினுக்கு ஒரு முனி கிடைத்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

ஹமீது முதலாளி திடீரென்று என் முழங்கையைப் பிடித்தார். பிடி வலித்தது.

கல்லுக்குப் பக்கத்தில், பிடி மண்ணுக்குள் போக, அலகு வானத்தைப் பார்க்க, ஆள் உயரத்துக்கு ஒரு வீச்சரிவாள் நட்டு நின்றது. புத்தம் புதிது. அதன் அடியில் எங்கள் ஆலை முத்திரை பளிச்சென்று தெரிந்தது. இவ்வளவு தூரம் வந்து நம் முத்திரையைப் பார்த்ததில் ஒரு விநாடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த விநாடிதான் இது கவ்வாத்துக் கத்தி இல்லை என்பது மண்டையில் ஏறியது.

நடந்தது இதுதான். தோட்டத்துக்குப் புது இரும்பு வந்தால் முதல் இரும்பு சாமிக்கு என்பது இவர்கள் வழக்கம். சீமையிலிருந்து செய்த கத்தியாக வந்த காலத்தில் ஒரு கத்தியைக் கல்லுக்கு முன்னால் வைத்துவிடுவார்கள், அதை யாரும் கவனித்ததில்லை. இந்த முறை பட்டையாக வந்ததும், தகப்பன்மார் சொல்லிக் கேட்ட ஊர்ச் சாமிகளின் அரிவாள் ஞாபகம் வந்துவிட்டது. ஆசாரியும் மனம் உருகி, நல்ல பட்டையாகப் பார்த்து நீளமாக அடித்துக் கொடுத்துவிட்டார். விவசாயக் கருவிக்கு என்று சலுகையில் வந்த இரும்பு, சாமிக்கு ஆயுதமாகி, அதிகாரி வரப்போகிற வரிசையின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

முதலாளி கெஞ்சினார். இரண்டு நாளைக்கு அதை எடுத்து லயத்துக்குள் வைத்தால் போதும் என்றார். வீரமலை துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு பணிவாகத்தான் பதில் சொன்னார்.

"பூச போட்டு நட்டாச்சுங்க மொதலாளி. கவ்வாத்து முடியிற வரைக்கும் அசைக்கப்படாது. அசைச்சா கத்தி கால்ல எறங்கும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. ஒங்க சங்கடம் எங்களுக்கும் தெரியுதுங்க. ஆனா நாளன்னைக்குக் கத்தியத் தூக்கப்போறது எம் பயலுகதான்."

முதலாளி தலையை ஆட்டிவிட்டுக் கீழே இறங்கத் தொடங்கினார். காரில் ஏறினதும் நான் கோபமாகப் பேசினேன். தோட்டத்தை நிர்வகிக்கிற துரையிடம் சொல்லி எடுக்க வைக்கலாம், ஆசாரியைக் கூப்பிடலாம், ஒரு சாக்காவது போட்டு மூடலாம் என்றெல்லாம் அடுக்கினேன்.

"நான் கும்பிடாத சாமிதான் தம்பி," என்றார் முதலாளி. "ஆனா வெட்டுப்பட்டா அது அவங்க கால். துரைகிட்ட சொல்லி எடுத்துப்போட்டா, நாளைக்கு என் கடைக் கத்தியத் தொடுறப்ப எல்லாம் அவங்களுக்குக் கை நடுங்கும். அந்த வியாபாரம் எனக்கு வேணாம்."

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள் அதிகாரியைச் சந்திக்க நுவரெலியாவுக்குப் போனோம். அவர் அங்கே அரசாங்க விடுதியில் தங்கியிருந்தார். பனி விலகி அன்றுதான் எனக்கு மலை கண்ணில் பட்டது. பச்சையைக் கத்தரித்து ஒட்டின மாதிரி மலைக்குப் பின் மலை. நுவரெலியா வேறு தினுசு. புகைக்கூண்டு வைத்த வீடுகள், ரோஜாத் தோட்டங்கள், குதிரைப் பந்தய மைதானம், ஏரி. வெள்ளைக்காரன் தன் ஊரை மடித்துப் பெட்டியில் கொண்டுவந்து இங்கே பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பப் போகும்போது எடுத்துக்கொள்ள மறந்துவிட்டான் போலிருக்கிறது. ஊட்டியில் எனக்கு இப்படித் தோன்றியதில்லை. ஊட்டி நம்முடையது என்ற எண்ணமாக இருக்கலாம்.

அதிகாரி தென்கரைச் சிங்களவர். முரட்டு ஆளை எதிர்பார்த்துப் போனேன். மெலிந்து, தலை நரைத்து, இருமலோடு இருந்தார். முதலாளியின் மனைவி கொடுத்துவிட்ட வட்டிலப்பத்தை முதலில் வேண்டாம் என்றார். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து வேகவைத்த அந்தப் பண்டத்தின் வாசனை அறையைச் சுற்றி வந்தது. பாத்திரத்தைத் திரும்பக் கொடுக்கும்போது அது காலியாக இருந்தது.

என்னோடு இங்கிலீஷில் பேசினார். இந்த நாட்டிலேயே ஒருநாள் எஃகு உருக்கப்போகிறோம், அதுவரை வருகிற இரும்பு ஒவ்வொன்றும் இங்கே ஏதாவது வேலை கொடுத்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் சட்டத்தின் எண்ணம் என்றார். சலுகை விலைப் பட்டையில் பலர் ஜன்னல் கம்பியும் இரும்புக் கதவும் செய்து விற்றதைப் பிடித்திருக்கிறாராம். அவர்களை மன்னித்தீர்களா என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். என் கண்ணாடிக்குள் பார்த்தார். மன்னிப்பு தன் வேலையில் இல்லை என்றார். நல்ல மனிதர் என்று தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நான்காம் நாள் காலை மறுபடியும் பனி. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பனியை ஆசையோடு பார்த்தேன். ஒரு கை நீட்டினால் விரல் தெரியவில்லை. இப்படியே மத்தியானம் வரை இருந்துவிடு தாயே என்று வேண்டிக்கொண்டேன். எந்தத் தாய் என்று எனக்கே தெரியாது. வெட்டுக்காரர்கள் பெரட்டிலிருந்து, அதாவது காலையில் ஆள் எடுக்கிற இடத்திலிருந்து, நேராக வந்து மலையடியில் வரிசையாக நின்றார்கள். பாதி உருவம், பாதி வெள்ளை. கத்திகள் மட்டும் மினுங்கின. அதிகாரி ஒவ்வொரு கத்தியாக வாங்கிப் பார்த்து, முத்திரையைத் தடவி, திருப்பிக் கொடுத்தார். திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. முதலாளி என் பக்கத்தில் நின்று கத்திகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

நாங்கள் மேலே ஏறினோம். கல்லைக் கடந்து போகும்வரை பனி அசையவில்லை. கடந்தே போய்விட்டோம். அப்போது கீழேயிருந்து ஒரு காற்று வந்தது, அவ்வளவுதான். யாரோ போர்வையை உருவின மாதிரி வெள்ளை விலகியது. அதிகாரிக்கு இருமல் வந்தது, நின்று திரும்பினார். அரிவாள் வெயிலில் ஜொலித்தது.

அவர் இறங்கிப் போனார். கல்லுக்கு முன்னால் நின்று, முதலில் செருப்பைக் கழற்றினார். அப்புறம் குனிந்து முத்திரையைப் படித்தார். அதே இரும்புதான் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. முதலாளியைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் நிதானமாகக் கேட்டார். முதலாளி நாக்கை நனைத்துக்கொண்டு எங்களுக்குச் சொன்னார். விவசாயக் கருவி என்றால் நிலத்தில் வேலை செய்கிற கருவி. இது என்ன வேலை செய்கிறது என்று ஐயா கேட்கிறார்.

வீரமலை முன்னால் வந்தார். இது முன்னே நிற்காமல் ஒருத்தனும் கத்தியை எடுக்கமாட்டான், ஆகவே தோட்டத்தில் முதல் வேலை இதனுடையது என்றார். முதலாளி சொன்னார். அதிகாரி அதைக் கேட்டு மெதுவாகத் தலையை ஆட்டினார். தன் வீட்டு வயலிலும் விதைக்கும் முன்னால் தெய்வத்துக்குச் செய்வது உண்டு, ஆனால் சட்டத்தில் அதை எழுத இடமில்லை என்றார். இது வெட்டுமா? வெட்டினால் கருவி. வெட்டாவிட்டால் கருவி இல்லை. காட்டச் சொல்லுங்கள்.

அரிவாளை எடுத்து வெட்டினால் ஒரு நொடியில் விஷயம் முடிந்தது. ஆனால் அதை அசைக்கக் கூடாது. வெட்டுக்காரர்களில் ஒருத்தன் தன் காலைப் பார்த்துக்கொண்டான். நான் அங்கே ஒரு அன்னியன், என் இரும்பினால் இந்தச் சங்கடம் வந்தது என்று வெட்கமாக இருந்தது.

வீரமலை கல்லைப் பார்த்தார். அரிவாளைப் பார்த்தார். பிறகு அதற்கு மிக அருகில் இருந்த தேயிலைச் செடியிடம் போய் உட்கார்ந்தார். ஓரத்துக் கிளை ஒன்றை அடியிலிருந்து தடவிப் பிடித்து, மெல்ல மெல்ல வளைத்தார். நன்றாக வளர்ந்த கிளை, முரண்டு பிடித்தது. குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி விட்டு விட்டு வளைத்தார். கிளை அரிவாளின் உள்வளைவுக்குள் வந்து பொருந்தியது. ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறு கையால் கிளையை வெடுக்கென்று இழுத்தார்.

கிளை கையோடு வந்துவிட்டது. அரிவாள் இம்மியும் அசையவில்லை. சாமியைச் செடியிடம் கொண்டுபோகாமல், செடியைச் சாமியிடம் கொண்டுவந்துவிட்டார்.

அதிகாரி செடியருகே குந்தி உட்கார்ந்து, வெட்டின இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிளவு இல்லை, சிராய் இல்லை, சாய்வான சுத்தமான வெட்டு. எழுந்து கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "ஹரி," என்றார். சரி என்று அர்த்தம். வேலை செய்கிறது, ஆகவே கருவி, இந்த நாட்டு நிலத்துக் கருவியாக ஏற்றுக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதை முதலாளி எங்களுக்குத் தமிழில் சொன்னார். எனக்கு முதலாளியைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதிகாரி பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

வீரமலை கிளையைக் கல்லின் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவருக்குக் கடைத்தெருச் சிங்களம் தெரியும். ஆனால், ஐயா என்பதற்கு மாத்தயா என்ற ஒரு சொல்லைத் தவிர, இதைத் தமிழில்தான் சொன்னார்.

"மாத்தயாகிட்ட ஒண்ணு கேக்கணும் மொதலாளி. அக்கரையிலேருந்து வந்த இரும்பு இது. ஒரு கெள வெட்டுனதும் இந்த நாட்டுச் சாமான்னு ஏத்துக்கிட்டாரு. சந்தோசம். எங்கப்பாரு இதே மலையில வெட்டுனாரு. நான் வெட்டுறேன். எம் மவனும் வெட்டத்தான் போறான். எங்கள ஏத்துக்க எத்தன கெள வெட்டணும்னு கேளுங்க."

கையெழுத்து இன்னும் விழவில்லை. பேனா அதிகாரியின் கையில் இருந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்டு அவர் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். நான்கு நாளாக அந்தக் கையெழுத்துக்காகச் சோறு இறங்காமல் இருந்த மனிதர் ஹமீது முதலாளி. தேத்தண்ணி தயாராகிவிட்டதாம் என்று சொல்லி அவர் சமாளித்திருக்கலாம். யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு, ஒவ்வொரு வாக்கியமாக, எதையும் மெழுகாமல் சொன்னார். எனக்குச் சிங்களம் தெரியாது. அதிகாரியின் முகத்தைப் பார்த்தே அவர் அத்தனையும் சொல்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

அதிகாரி குனிந்து அந்தக் கிளையைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் ஏதோ சொன்னார். சொல்லிவிட்டு, என் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா முனை ஸ்வெட்டர், கோட்டு, சால்வை எல்லாவற்றையும் தாண்டி எனக்கு உறைத்தது.

வீரமலை காத்துக்கொண்டிருந்தார். ஹமீது முதலாளி அவரை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"மாத்தயாட மேசைக்கு இரும்பு மட்டுந்தான் வருமாம். மனுசங்க வேற மேசையாம். அந்த மேச எங்க இருக்குன்னு அவருக்கும் தெரியாதாம்."

வீரமலை சரி என்று தலையை ஆட்டினார். துண்டை இறுக்கித் தலையில் கட்டிக்கொண்டு, தன் கத்தியை எடுத்து, அடுத்த செடியின் முன்னால் குனிந்தார். அவருக்குப் பின்னால் மலை முழுக்க வெட்டுகிற சத்தம் கிளம்பியது.